‘கேஸ் போச்சு’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

காலையில் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. காலையில் வாங்கிய பால் மாலையில் திரிகிறது. ஃப்ரீசரில் மட்டும் ஐஸ் கல்லாக இருக்கிறது. மெக்கானிக்குக்குப் போன் போகிறது. வந்தவர் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்: “கேஸ் போச்சு சார், ஏத்தணும்.” சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. பில் கிடையாது. ஃப்ரிட்ஜ் ஒரு வாரமோ பத்து நாளோ ஒழுங்காக ஓடுகிறது, பிறகு மறுபடி அதே தொல்லை. இந்த முறை “கம்ப்ரஸர் வீக்”. அதற்கடுத்த முறை “போர்டு போச்சு”. கடைசியில் ஐந்தாறு வருடம்கூட ஆகாத ஃப்ரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தவணையில் வாங்குகிறார்கள்.

இந்த விவகாரத்தோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லாருமே தாமதமாகத்தான் வருகிறார்கள். பழைய பாகம் மெக்கானிக்கோடு போய்விட்டிருக்கும். ரசீது இருக்காது. என்ன பழுது என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. “கேஸ் போடலாமா?” என்று முதல் நாளே கேட்டிருந்தால், “முதலில் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று பதில் சொல்லியிருப்பேன். ஏனென்றால் மேலே சொன்ன அறிகுறிகளோடு வரும் ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் கோளாறு கேஸிலும் இல்லை, கம்ப்ரஸரிலும் இல்லை. விரல் நுனியளவுகூட இல்லாத ஒரு வெப்பநிலை சென்சாரில் இருக்கிறது. அதன் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டர்போலச் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை எங்கே என்று காட்டாமல், அதை அடைக்காமல், கேஸ் மட்டும் ஏற்றுகிறேன் என்பவர் உங்கள் ஃப்ரிட்ஜைச் சரி செய்யவில்லை.

அப்படியானால் கேஸ் ஏற்றிய பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடியதே, அது எப்படி? இந்த ஒரு கேள்விதான் பலரை ஏமாறவைக்கிறது. டபுள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் உள்பக்கப் பின்பலகைக்குப் பின்னால் குளிரூட்டும் காயில் இருக்கிறது. அதில் படியும் பனியை உருக்க ஒரு ஹீட்டர் அவ்வப்போது எரியும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு முடிவு செய்ய, காயிலில் மாட்டியிருக்கும் டிஃப்ராஸ்ட் சென்சார் சரியான தகவல் தர வேண்டும். அது கெட்டால் பனி உருகாது. நாளுக்கு நாள் கெட்டியாகிக் காற்றுப் பாதையை அடைத்துவிடும். மேலே ஐஸ் இருக்கும், கீழே குளிர் வராது. கேஸ் ஏற்ற வந்தவர் ஃப்ரிட்ஜைப் பல மணி நேரம் அணைத்து, பலகையைக் கழற்றிப் போட்டிருப்பார். அந்த நேரத்தில் பனி தானாக உருகி ஓடிவிடும். மறுபடி பனி மூட ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். நீங்கள் கொடுத்த ஆயிரங்கள் வாங்கித் தந்தது அந்தப் பத்து நாளைத்தான்.

இதை நீங்களே காசு செலவில்லாமல் சோதிக்கலாம். உள்ளே இருப்பதை எடுத்து வேறிடம் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு கதவையும் திறந்துவிட்டு, கீழே பழைய துணிகளைப் போட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். சில நாள் நன்றாகக் குளிர்ந்துவிட்டு மீண்டும் கீழ்ப்பகுதி மட்டும் சூடானால், பழுது டிஃப்ராஸ்ட் பக்கம் இருக்கிறது. அதாவது பெரும்பாலும் சென்சார், ஹீட்டர், ஃபியூஸ் ஆகியவற்றில் ஒன்று. கேஸ் கசிந்திருந்தால் வெறும் ஓய்வு கொடுத்ததால் அது சரியாகாது. கேஸ் கசிவில் ஃப்ரீசரும் குளிரை இழக்கும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு பனியைக் குத்தி எடுக்காதீர்கள். இல்லாத கேஸ் கசிவை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

கீழ்ப்பகுதியில் இருக்கும் இன்னொரு சென்சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான புதிய ஃப்ரிட்ஜ்களில் இருப்பது என்டிசி தெர்மிஸ்டர் என்ற வகை. குளிர் கூடினால் அதன் மின்தடை ஏறும், சூடு கூடினால் இறங்கும். போர்டுக்குக் கண் கிடையாது. இந்த மின்தடையை மட்டும் வைத்துத்தான் உள்ளே என்ன குளிர் என்று அது கணக்குப் போடுகிறது. சென்சாரின் தலைப்பகுதியில் ஈரம் இறங்கினாலோ, கனெக்டரில் பச்சை பூத்தாலோ, வயரை எலி கடித்தாலோ அந்தக் கணக்கு தப்பும். மின்தடை இருக்க வேண்டியதைவிடக் குறைந்தால், உள்ளே சூடாக இருப்பதாக எண்ணி போர்டு கம்ப்ரஸரை ஓயாமல் ஓட்டும். கீரை கண்ணாடிபோல் விறைக்கும், தயிரில் ஐஸ் படரும், கரண்ட் பில் எகிறும். மின்தடை கூடிவிட்டால் நேர்மாறாக, போதுமான குளிர் வந்துவிட்டதாக எண்ணி கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுவிடும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் இந்த வேலையைத் திருகு குமிழோடு சேர்ந்த தெர்மோஸ்டாட் செய்கிறது. அதற்கு வேறு சோதனை, ஆனால் அதுவும் கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் மலிவான பாகம்தான்.

கதவில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள். சில மாடல்களில் அது நீங்கள் வைத்த அளவு, சிலவற்றில் சென்சார் சொல்லும் அளவு. சென்சார் தவறாகச் சொன்னால் அந்த எண்ணும் தவறுதான். ஃப்ரிட்ஜுக்கு என்று விற்கும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது உடல் வெப்பத்துக்கு மட்டும் அளவிடப்பட்டது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிற்கவைத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் படியுங்கள். 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18ஐ ஒட்டி இருக்க வேண்டும். தேதியோடு அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் உங்கள் முதல் சாட்சி அந்தப் போட்டோதான்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இன்னும் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். குளிர்காற்று வரும் துளையை மாவுப் பாத்திரம் அடைத்துக்கொண்டு நிற்கிறதா? கதவு ரப்பர் ஒட்டுகிறதா? ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர்தான் குற்றவாளி.

வந்தவரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: “சென்சாரை என் கண் முன்னால் மல்டிமீட்டரில் பார்த்துச் சொல்லுங்கள்.” பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சென்சாரைக் கனெக்டரிலிருந்து கழற்றி, ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் சில நிமிடம் முக்கி வைத்து அளக்க வேண்டும். அந்தத் தண்ணீர் 0 டிகிரி. பல மாடல்களில் சென்சார் 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் காட்டும். ஐஸ் தண்ணீரில் அது ஏறத்தாழ மூன்று மடங்காக உயரும். உங்கள் மாடலுக்கு உரிய அளவு கம்பெனியின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கும், அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. மே மாத மதியத்தில், அறை 33 டிகிரியில் இருக்கும்போது, 10 கிலோ ஓம் சென்சார் 7 கிலோ ஓம் அளவில் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து “சென்சார் அவுட்” என்று மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அறைச் சூட்டில் மட்டும் அளந்தால் போதாது, ஐஸ் தண்ணீரில் அளக்க வேண்டும். மீட்டர் அளவே காட்டாவிட்டால் இணைப்பு அறுந்திருக்கிறது. அளவு நிலையில்லாமல் தாவினால் ஈரம் இறங்கியிருக்கலாம். சென்சாரைக் குறை சொல்லும் முன் கனெக்டரைத் துடைத்து மாட்டிப் பார்ப்பதும் அவர் வேலைதான்.

மீட்டரே கொண்டுவராமல் வந்தவரிடம் ஃப்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள்.

இனி சொல்வதை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். “சென்சார் கிடைக்கலை, டைரக்ட் போட்டுத் தர்றேன்” என்பார்கள். சென்சாருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் செருகினால், உள்ளே என்ன குளிர் இருந்தாலும் போர்டுக்கு ஒரே அளவுதான் தெரியும். அதைவிட மோசம், டிஃப்ராஸ்ட் ஹீட்டரோடு இருக்கும் தெர்மல் ஃபியூஸை நீக்கி வயரை நேராக இணைப்பது. சென்சார் கெட்டு ஹீட்டர் அணையாமல் போனால் மின்சாரத்தைத் துண்டிக்க இருக்கும் கடைசிக் காவல் அந்த ஃபியூஸ். அதை எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஹீட்டர் விடாமல் எரியும், அதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற எரியும் தன்மையுள்ள வாயு. கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். டைரக்ட் போட விடாதீர்கள். பாகம் வர நான்கு நாள் ஆகும் என்றால் நான்கு நாள் காத்திருங்கள், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் பாலை வையுங்கள். ஆனால் டைரக்ட் போட விடாதீர்கள்.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சென்சார் கெட்டு கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும் ஃப்ரிட்ஜில், பின்சுவரை ஒட்டி வைத்த பெட்டி உறைந்துபோகலாம். உறைந்து மீண்டும் உருகிய இன்சுலின் பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியலாம், ஆனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறுகிறது என்று மருந்தின் அளவைக் கூட்டும் முன், மருந்து வைத்திருக்கும் தட்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிடுபவர்கள் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் உண்டு. “பத்து ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள்” என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930க்குக் கூப்பிடுங்கள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால், பணத்தை முடக்கும் வாய்ப்பு கைநழுவிவிடும்.

வாரண்டியில் ‘10 ஆண்டு’ என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். சென்சார், போர்டு, ஃபேன் எல்லாம் வழக்கமாக ஓர் ஆண்டோடு முடிந்துவிடும். கம்ப்ரஸர் இலவசம் என்றாலும் கேஸ், வேலைக்கூலி, வருகைக் கட்டணம், வரி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். ஓர் ஆண்டுக்குள் பழுது வந்தால் தள்ளிப்போடாமல் அன்றே புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் மாதம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பதின்மூன்றாம் மாதம் வாரண்டி கேட்டு நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வந்தவர் கம்பெனி ஆளானாலும் தெருமுனைக் கடைக்காரரானாலும் ஜாப் ஷீட் வேண்டும். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன குறை சொன்னீர்கள், என்ன அளந்தார், என்ன மாற்றினார், மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாதப் பொறுப்பு. கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றியதால் கம்பெனிக்குத் திருப்ப வேண்டும் என்றால் போட்டோவாவது எடுங்கள். பணத்தை யூபிஐயில் செலுத்தி, குறிப்பு இடத்தில் ‘ஃப்ரிட்ஜ் சென்சார்’ என்று எழுதுங்கள். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்’ என்ற மிரட்டலுக்குப் பயந்து நாமே அதை விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு சட்டம் காப்பாற்றவில்லை என்று புலம்புகிறோம்.

சரி, எல்லாம் செய்தும் ஏமாற்றப்பட்டுவிட்டீர்கள். எங்கே போவது? இங்கேதான் மக்கள் தவறான வாசலில் நின்று மாதங்களைத் தொலைக்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறார்கள். அது வழங்கல் அலுவலருக்குப் போகும், அங்கிருந்து ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள். ‘நீங்கள் போக வேண்டிய இடம் இது’ என்று அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிஞ்சியிருக்கும். சொல்வதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையம், எண் 1915. தமிழிலும் பேசலாம். ஆனால் அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, கம்பெனியோடு பேசித் தீர்த்துவைக்கும் இடம் அது. கம்பெனி ‘தீர்த்துவிட்டோம்’ என்று பதில் போட்டதும் புகார் மூடப்பட்டுவிடலாம். அதோடு சோர்ந்துவிடாதீர்கள், அந்தப் புகார் எண்ணும் பதிலும்கூட ஆவணம்தான். அடுத்து, விற்ற கடை, தயாரித்த கம்பெனி, சர்வீஸ் மையம் மூவருக்கும் ஒரே கடிதத்தை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். வாங்கிய தேதி, மாடல் எண், வரிசை எண், ஒவ்வொரு ஜாப் ஷீட்டின் தேதி, கொடுத்த தொகை, என்ன வேண்டும் என்பது போதும்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; பழைய சட்டத்தில் இல்லாத இந்த வசதியை 2019 சட்டம் தந்தது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நீங்கள் கேட்கும் நஷ்டஈடு இதில் கணக்கில்லை, கொடுத்த விலைதான் கணக்கு. ஆகவே வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கட்டணம் என்ற பேச்சே எழாது. புகார் மனு, பிரமாண வாக்குமூலம், ஆவணப் பட்டியல், பில், ஜாப் ஷீட், கடிதங்கள், தெர்மாமீட்டர் போட்டோ எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு வையுங்கள். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். விசாரணைக்கு வீடியோவில் ஆஜராகவும் மனு செய்யலாம்.

ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது அப்படியில்லை. உறுப்பினர் பதவிகளை மாதக்கணக்கில் காலியாகப் போட்டுவைக்கும் அரசுகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், அதற்கு மேல் அதிகபட்சம் 15 நாள்தான். அதைத் தாண்டி அவகாசம் கொடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டால் இதைச் சுட்டிக்காட்டுங்கள். இன்னொன்று, வழக்கு முடியும்வரை அந்தச் சென்சாரையோ ஃப்ரிட்ஜையோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆணையம் சோதனைக்கு அனுப்ப முடிவு செய்தால் பொருள் இருக்க வேண்டும்.

வழக்குத் தொடுக்கக் காலக்கெடு 2 ஆண்டு. சேவை மையம் “அடுத்த வாரம் பார்ட் வந்துடும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்த 2 ஆண்டு நீளாது. போனில் பேசிய பேச்சு எதையும் நிறுத்திவைக்காது.

கடைகளில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். ஒரு கோடைக்கே எழுத்து மங்கிவிடும். வாரண்டி கேட்கப்போகும் நாளில் வெள்ளைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இன்றைக்கே அதைத் தேடி எடுத்து, ஒரு நகலும் ஒரு போட்டோவும் எடுத்து, வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.